நீ யார் வீட்டுப் பிள்ளை? சால்மன் மீனிடம் கேட்கும் கேள்வி

அல்சூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையனை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நீ பால்காரர் பேரன்தானே?" என்றார். பையன் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன், பாட்டி அவனை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. காது மடல், மூக்கு, முறைக்கிற முறைப்பு எல்லாம் தாத்தாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறதாம். பக்கத்தில் இருந்த என் அக்கா மகள் என்னை இடித்து, "சித்தி, நீங்க லேப்ல பண்றது இதுதானே?" என்று கேட்டாள்.

ஆமாம், இதுதான். நான் இங்கே ஒரு டி.என்.ஏ சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் மாடுகள்: இந்தக் கன்று அந்தக் காளைக்குப் பிறந்ததுதானா என்று பார்த்துச் சொல்வது. அக்கா மகள் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். மீனுக்கும் இதைச் செய்வார்களா, செய்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்கப் போய், அன்று ராத்திரி சால்மன் பற்றிப் பேச ஆரம்பித்தது ரொம்ப நேரம் ஓடியது. அப்போது சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்க உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் "இந்தியன் சால்மன்" என்று சொல்லி விற்பது நம் காலா மீன். மும்பைக்காரர்கள் ராவஸ் என்பார்கள். ருசியான மீன்தான், ஆனால் சால்மனுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. நான் சொல்லப் போவது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலுக்கும் ஆறுகளுக்கும் நடுவே வாழ்கிற சால்மன் பற்றி. சினூக், கோஹோ, சாக்கை என்று அதில் பல வகை உண்டு. ஸ்டீல்ஹெட் என்று ஒரு நெருங்கிய சொந்தமும் உண்டு.

இந்த மீன்கள் ஆற்றில், சரளைக்கல் படுகையில் பிறக்கின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் கடலுக்குப் போய், சில வருடம் அங்கேயே தின்று பெருத்து, பிறகு பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்பி வருகின்றன. குஞ்சாக இருந்தபோது பதிந்த அந்தத் தண்ணீரின் வாசனைதான் கடைசிக் கட்டத்தில் வழி காட்டுகிறது. வந்து, முட்டையிட்டு, இறந்துபோகும் (ஸ்டீல்ஹெட்டில் சில மட்டும் மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு தடவை வரும்). ஆகவே ஒவ்வொரு ஓடையும் ஒரு குலம் மாதிரி. அந்த ஓடையின் சூட்டுக்கும் வேகத்துக்கும் பல தலைமுறையாகப் பழகிப்போன குலம். ஒரு ஓடையில் மீன் அற்றுப்போனால் பக்கத்து ஓடையிலிருந்து நாலு மீனைக் கொண்டுவந்து விட்டுச் சரிசெய்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

அற்றுப்போகவும் செய்தன. அணைகள், மரவெட்டு, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, தண்ணீர் சூடாவது எல்லாம் சேர்ந்து கை வைத்தன. அதற்கு ஈடாக மனிதர்கள் கண்ட வழி பொரிப்பகம். திரும்பி வரும் பெரிய மீன்களைப் பிடித்து, பெண் மீனின் சினையை ஒரு வாளியில் எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து, தொட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஓரளவு வளர்த்து ஆற்றில் விடுவார்கள். பசிபிக் சால்மனுக்கு அமெரிக்காவில் முதல் பொரிப்பகம் 1872-இல் கலிஃபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றங்கரையில் வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பெரும்பாலான காலம் "இந்த வருஷம் இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம்" என்பதுதான் கணக்காக இருந்தது. விட்டது என்ன ஆயிற்று, எது திரும்பி வந்தது, வந்தது ஆற்றில் பிள்ளை பெற்றதா, அந்தப் பிள்ளை பிழைத்ததா என்றெல்லாம் கேட்டால் பதில் சொல்ல வழியே இருக்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததே அந்தக் கேள்விகளால்தான்.

அடையாளம் போட முயற்சி செய்யாமல் இல்லை. 1960-களில் வந்த ஒரு முறை இன்றும் நடக்கிறது. 1.1 மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பித் துண்டு ஒன்றைக் குஞ்சின் மூக்கு எலும்பருகே ஊசியால் செலுத்திவிடுவார்கள். அதில் எண் பொறித்திருக்கும். உள்ளே கம்பி இருப்பது வெளியே தெரிய, முதுகின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, பல கோடி மீன்களுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைப் படிக்க மீனின் தலையை வெட்டி, கம்பியைத் தோண்டி எடுத்து, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். முட்டையிட வந்திருக்கிற, எண்ணி நூறு பேர் மிச்சமிருக்கிற குலத்து மீனிடம் போய் உன் தலையைக் கொடு என்று எப்படிக் கேட்பது? அது போக, லட்சக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஊசி போட வேண்டியிருப்பதால், பொதுவாக ஒரு பங்குக்குத்தான் கம்பி போடுவார்கள். கிடைக்கிற கணக்கும் அந்த ஒரு பங்கை வைத்துப் போடுகிற கணக்கு.

இங்கேதான் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் கழுத்தில் யாரும் அட்டை மாட்டவில்லை. பாட்டிக்குத் தாத்தாவைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

குஞ்சுக்கு அடையாளம் போடாமல், பெற்றோரின் டி.என்.ஏவைப் பதிந்து வைத்துவிட்டால்? பொரிப்பகத்தில் பெற்றோர் நம் கையில்தானே இருக்கிறார்கள். ஆயிரம் பெண் மீன், ஆயிரம் ஆண் மீன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் துடுப்பிலிருந்தும் அரிசிமணி அளவு ஒரு துண்டை வெட்டி வைத்தால் மொத்தம் 2,000 துண்டு. ஒரு பெண் மீனுக்கு 4,000 முட்டை என்றால் பிறக்கப் போவது 40 லட்சம். அந்த 40 லட்சமும் பிறக்கும்போதே அடையாளத்தோடு பிறக்கிறது. ஒன்றுகூட விடுபடாது, வலி கிடையாது, கழன்று விழாது, மீன் செத்து எலும்பானாலும் அழியாது. பெற்றோர்வழி அடையாளம் என்று இதைச் சொல்லலாம்.

சரி, மூன்று நாலு வருடம் கழித்துக் கடலிலிருந்து ஒரு மீன் வருகிறது. அதன் துடுப்பிலும் ஒரு துண்டு எடுக்கிறோம். இது அந்த 2,000 பேரில் யார் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டி.என்.ஏ என்பது நாலே எழுத்துகளில் எழுதிய ரொம்ப நீளமான ஓலை. ஒரே இனத்து மீன்கள் எல்லாவற்றிலும் அது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், சில இடங்களில் மட்டும் ஆளுக்கு ஆள் ஒரு எழுத்து மாறும். சிலரிடம் ஏ, சிலரிடம் ஜி. இந்த மாறும் இடங்களை எங்கள் வேலையில் ஸ்னிப் என்போம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மீனிடம் இரண்டு எழுத்து இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆகவே ஒரு ஆண் மீனிடம் ஒரு இடத்தில் ஏ-ஏ இருந்தால், அதன் பிள்ளையிடம் அந்த இடத்தில் ஒரு ஏ-யாவது இருந்தே தீர வேண்டும். வந்த மீனிடம் ஜி-ஜி இருக்கிறதா? அப்படியானால் அப்பா அவர் இல்லை. பாருங்கள், முதலில் நாம் செய்வது அப்பாவைக் கண்டுபிடிப்பது கிடையாது, அப்பாவாக இருக்க முடியாதவர்களை ஒவ்வொருவராகப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்புவது.

ஒரு எழுத்து இதற்குப் போதாது. இரண்டு எழுத்தும் சரிபாதியாகப் புழங்கும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீன் ஏ-ஏ ஆக இருக்க வாய்ப்பு நாலில் ஒன்று, சம்பந்தமே இல்லாத இன்னொன்று ஜி-ஜி ஆக இருக்கவும் நாலில் ஒன்று, இரண்டும் சேர்ந்து நடக்கப் பதினாறில் ஒன்று. மாற்றிப் போட்டாலும் அதே பதினாறில் ஒன்று. ஆக, சம்பந்தமில்லாத ஜோடி ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ள எட்டில் ஒரு வாய்ப்புதான். ஆனால் நூறு இடத்தைப் பாருங்கள்: யாரோ எவரோ என்றால் சராசரியாகப் பன்னிரண்டு இடத்தில் முரண்படும். சித்தப்பா என்றால் ஆறு இடம். பெற்ற அப்பா என்றால் பூஜ்யம். சோதனையில் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் ஒன்று, அபூர்வமாக இரண்டு. பன்னிரண்டு, ஆறு, பூஜ்யம். இந்த மூன்று எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே இந்த முறையின் உயிர்நாடி புரிந்துவிடும். அம்மாவையும் அப்பாவையும் ஜோடியாகச் சேர்த்துப் பார்த்தால் பிடி இன்னும் இறுகும். நிஜத்தில் எல்லா இடமும் இப்படிச் சரிபாதியாக அமையாது. அதனால் வெறுமனே முரண்பாடுகளை எண்ணாமல், இந்த ஜோடி பெற்றோராக இருக்க எவ்வளவு சாத்தியம், இல்லாமல் இருக்க எவ்வளவு சாத்தியம் என்று கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எரிக் ஆண்டர்சன், கார்லோஸ் கார்சா இருவரும் 2006-இல் ஒரு ஆய்வுக்கட்டுரையில், ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் இருந்தாலும் 60 முதல் 100 ஸ்னிப் வரை இருந்தால் வம்சத்தைச் சரியாகச் சொல்ல முடியும் என்று கணக்கோடு காட்டினார்கள். 2015 வாக்கில் ஆயிரக்கணக்கான மீன்களின் சில நூறு இடங்களை ஒரே ஓட்டத்தில் படிக்கிற முறை வந்ததும் செலவும் இறங்கிவிட்டது.

கணக்கு இவ்வளவு உறுதியாக இருந்தும் வேலை எங்கே சொதப்பும் தெரியுமா? சீட்டில், அதாவது எந்தத் துண்டு யாருடையது என்று குறித்து வைப்பதில். எங்கள் கூடத்தில் துண்டுகளைப் போடுவது 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில், உள்ளங்கை அளவு இருக்கும். எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி. முதல் குழி ஏ1, கடைசிக் குழி ஹெச்12. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையின் மாட்டு மாதிரிகளை இப்படிப் போட்டு அனுப்பினேன். முடிவு வந்தபோது ஒரு கன்றுக்குக்கூட அதன் சொந்தத் தாய் பொருந்தவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எல்லா எண்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கை நடுங்கியது. அப்புறம் எங்கள் மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தட்டைத் திருப்பி வச்சிருக்கேம்மா" என்றார். தட்டு தலைகீழாகத் திரும்பி, ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் ஹெச்12 போயிருந்தது. பட்டியலைத் திருப்பிப் போட்டதும் ஒவ்வொரு கன்றும் தன் தாயிடம் போய்ச் சேர்ந்தது. தப்பு நடந்தால் இந்தச் சோதனையே அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். சால்மன் பொரிப்பகங்களிலும் எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்த்தோம் என்று எழுதி வைப்பார்கள். பிள்ளை சொல்லும் ஜோடியும் நோட்டில் இருக்கும் ஜோடியும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு சீட்டு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆற்றோடு சேரும் ஸ்நேக் ஆற்றுப் பகுதியில், 2008 முதல் ஸ்டீல்ஹெட், சினூக் பொரிப்பகங்களில் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் மீன்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் துடுப்புத் துண்டும் எடுத்து வைக்கப்படுகிறது. கடலுக்கும் அந்தப் பகுதிக்கும் நடுவே எட்டு அணைகள். எட்டாவதில் ஏறி வரும் மீன்களில் ஒரு பங்கை நிறுத்தி, துண்டு எடுத்து, உயிரோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு அது எந்தப் பொரிப்பகத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பெற்றோர் எந்த வருடம் முட்டையிட்டார்கள் என்பது பதிவில் இருப்பதால் வயதும் சேர்ந்தே தெரியும். கொழுப்புத் துடுப்பு வெட்டாமல் விட்ட பொரிப்பக மீன், பார்க்கிற கண்ணுக்குக் காட்டு மீன், அதாவது ஆற்றில் தானாகவே பிறந்த மீன் மாதிரியே இருக்கும். அதையும் இந்தச் சோதனை பிரித்துச் சொல்லிவிடும்.

ஆனால் என் மனதை அசைத்தது இன்னொரு வேலை. ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் ஒரு அணை இருந்தது. அதைத் தாண்டி மேலே போகும் ஸ்டீல்ஹெட் ஒவ்வொன்றின் செதிலையும் 1991 முதல் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தச் செதில்களின் டி.என்.ஏவை வைத்து அராக்கி, கூப்பர், ப்ளூயின் என்ற மூவர், எந்த மீனுக்கு எத்தனை பிள்ளைகள் உயிரோடு திரும்பின என்று வம்சாவளியே போட்டுவிட்டார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது: பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டாற்றில் பிள்ளை பெற்று ஆளாக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. பிறகு 2012-இல் அதே ஆற்று மீன்களை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, பொரிப்பகத்துக்குள் ரொம்ப நன்றாகச் செழித்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் காட்டாற்றில் மோசமாகத் தடுமாறின என்று காட்டியது. தொட்டியில் நேரத்துக்குத் தீனி, துரத்த எதிரி இல்லை. அங்கே ஜெயிக்கும் குணம் வேறு, ஆற்றில் ஜெயிக்கும் குணம் வேறு. ஒரே தலைமுறையில் இந்த மாற்றம் வந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் நெஞ்சைப் பிசைகிற செய்தி.

உடனே பொரிப்பகம் எல்லாம் கேடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐடஹோ மாநிலத்தின் ஜான்சன் ஓடையில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் நடத்தும் திட்டத்தில், ஒவ்வொரு வருடமும் அந்த ஓடையிலேயே பிறந்த காட்டு சினூக்கை மட்டுமே பெற்றோராக எடுக்கிறார்கள். பொரிப்பகத்தில் வளர்ந்தது மறுபடி பொரிப்பகத்துக்குள் வராது. அங்கேயும் இதே வம்சாவளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, ஓடையில் மீன் கூடியிருந்தது, பொரிப்பக மீன் காட்டு மீனோடு சேர்ந்து பெற்ற பிள்ளைகளிடம் பெரிய பலவீனம் தெரியவில்லை. எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாக நடத்துகிறோமா என்பதைப் பேரப்பிள்ளைகளை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சில இடங்களில் இந்தக் கணக்கு கல்யாணத் தரகர் வேலையும் பார்க்கிறது. ஐடஹோவில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஒன்று, கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில். அவ்வளவு தூரம் நீந்தி அங்கே முட்டையிடும் சாக்கை மீன் 1992-இல் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஒரு ஆண் மீன். தனிமை லாரி என்று பெயர் வைத்தார்கள், அதன் விந்தை உறையவைத்துப் பின்னாளில் பயன்படுத்தினார்கள். 1991 முதல் 1998 வரை எட்டு வருடத்தில் வந்ததே மொத்தம் 16. இத்தனை குறைவான பேரிலிருந்து ஒரு குலத்தை மீட்க வேண்டுமானால் அண்ணன் தங்கைக்குள் முடிச்சுப் போட்டுவிடக் கூடாதே. யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று மரபணுவை வைத்துப் பார்த்து, தூரத்துச் சொந்தங்களாகத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்க்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றில் கோஹோ சால்மனுக்கும் இதுதான் நடக்கிறது. ரெட்ஃபிஷ் குலத்து மீன் 2010-இல் ஆயிரத்துக்கும் மேல் திரும்பி வந்தது. 2015 கோடையில் ஆறு சூடானபோது வழியிலேயே பெரும்பாலானவை செத்துப்போயின. டி.என்.ஏ கணக்கு தண்ணீரைக் குளிரவைக்காது, அணையை உடைக்காது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. பெற்றோரில் ஒருவர் பதிவில் விடுபட்டால் அவர் பிள்ளைகள் எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் ஆகிவிடும். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளைப் பிரித்து இரண்டு இடத்தில் விட்டிருந்தால், திரும்பிய மீன் எந்த இடத்தில் விட்டது என்று சொல்ல முடியாது. கம்பி அங்கே கைகொடுக்கும். அதனால் கம்பி முறையை இன்னும் யாரும் தூக்கிப் போடவில்லை.

அக்கா மகள் இவ்வளவும் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல?" என்றாள்.

நம்ம ஊர் என்றால் காவிரி. நாங்கள் பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவதும் அந்தத் தண்ணீர்தான். காவிரியில் மட்டுமே வாழ்கிற திமில் மஹ்சீர் என்று ஒரு மீன் உண்டு, ஆரஞ்சு நிறத் துடுப்பு, ஆள் கனத்துக்கு வளரக்கூடியது. 2018-இல்தான் அதன் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று உறுதியாயிற்று, அதே வருடம் மிகவும் அழியும் நிலையில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. இதற்கு நடுவே 1970-களிலிருந்து, நல்ல எண்ணத்தோடுதான், வேறு ஆற்றைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்டார்கள். நீலத்துடுப்பு பெருகியது, ஆரஞ்சுத் துடுப்பு அருகியது. அதற்கு இந்தக் குஞ்சு விடுதலும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். துடுப்பின் நிறம் வேறாக இருந்ததால் இந்த அளவாவது தெரிந்தது. திமில் மஹ்சீர் இன்று கையளவு இடங்களில்தான் மிச்சம், நீலகிரி அடிவாரத்து மாயாறு அதில் ஒன்று. நாளை அதற்கும் ஒரு பொரிப்பகம் வரும் என்றால், முதல் ஜோடியிலிருந்தே துண்டு எடுத்துப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவளிடம் நான் அடித்துச் சொன்னேன். பத்து வருடம் கழித்துத் தோன்றினால் அப்போது பெற்றோர் இருக்க மாட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்த மாதம் ஒரு பொரிப்பகத்துக்குப் பயிற்சிக்குப் போகிறேன், என்ன எடுத்துப் போகட்டும் என்று கேட்டாள். சின்னக் கத்தரிக்கோல், வடிதாள், மூடி இறுக்கமான குப்பிகள், தூய ஆல்கஹால் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே கத்தரிக்கோலைத் துடைக்க மறக்காதே என்றேன். அப்புறம் என் மேஜையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்து அவள் பையில் போட்டேன். பேனாவால் எழுதிய சீட்டு ஆல்கஹாலில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.